கியர் இல்லாத மடக்கு சைக்கிள்: வாங்குவது முதல் பஞ்சர் ஒட்டுவது வரை

மடக்கு சைக்கிள் வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் சாலையைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். டிராஃபிக், வெயில், மேம்பாலம் என்று கேள்விகள் வரிசையாக வரும். என்னைக் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது படிக்கட்டு. உங்கள் வீட்டுப் படி, ஸ்டேஷன் படி, ஆபீஸ் லிஃப்ட், இந்த மூன்றும்தான் இந்த வண்டி உங்களிடம் நிலைக்குமா, ஆறு மாதத்தில் பால்கனியில் துணி காயப்போடும் சாமானாகிவிடுமா என்று முடிவு செய்கின்றன. ஓட்டுவதில் பெரிய சிரமம் இல்லை. தூக்குவதில்தான் இருக்கிறது.

இந்த வழிகாட்டியைச் சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன். தட்டையான ஊர், கியர் இல்லாத வண்டிக்குப் பொருத்தமான ஊர். ஊட்டியிலோ ஏற்காட்டிலோ இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு கியர் வண்டி வாங்குவது நல்லது.

உங்களுக்கு இது தேவையா?

வீட்டிலிருந்து ஆபீஸ் வரை முழுக்கச் சைக்கிளிலேயே போகப்போகிறீர்கள், இரண்டு பக்கமும் பத்திரமாக நிறுத்த இடம் இருக்கிறது என்றால் மடக்கு வண்டி வேண்டாம். அதே காசுக்குப் பெரிய சக்கரம் போட்ட சாதாரண சைக்கிள் இதைவிட நன்றாக ஓடும், உறுதியாகவும் இருக்கும். மடக்கு வண்டிக்கு அர்த்தம் வருவது மூன்று இடங்களில்: நடுவில் ரயிலோ காரோ வரும்போது, வீட்டில் நிறுத்த இடமே இல்லாதபோது, வெளியே விட்டால் திரும்பக் கிடைக்காது என்கிற தெருவில் இருக்கும்போது.

ஓர் உதாரணம். மயிலாப்பூரில் வீடு, கந்தன்சாவடியில் வேலை. திருமயிலை ஸ்டேஷன் வரை மிதித்து, பறக்கும் ரயிலில் திருவான்மியூர் போய் இறங்கி, அங்கிருந்து ஓ.எம்.ஆர். பக்கம் மறுபடி மிதிக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். ஆனால் பறக்கும் ரயில் ஸ்டேஷன்கள் எவ்வளவு உயரம் என்பது அதில் போகிறவர்களுக்குத் தெரியும். எஸ்கலேட்டர் ஓடாத நாளில் வண்டியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏற வேண்டும். 20 அங்குலச் சக்கரம் போட்ட கியர் இல்லாத மடக்கு சைக்கிள் பொதுவாக 12 முதல் 15 கிலோ வரை இருக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டிலுள்ள 20 லிட்டர் தண்ணீர் கேனில் 13 லிட்டர் ஊற்றி மூடி, ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் படியின் உயரத்துக்கு உங்கள் அடுக்குமாடிப் படியில் ஏறுங்கள். நடுவில் கை மாற்றலாம். மேலே போனதும் "பரவாயில்லை" என்று தோன்றினால் வாங்கலாம். "இது தினமுமா?" என்று தோன்றினால் 16 அங்குலச் சக்கர வண்டிகளைப் பாருங்கள், அவை ஒன்றிரண்டு கிலோ குறையும். அல்லது எண்ணத்தையே கைவிடுங்கள். கடையில் தூக்கிப் பார்ப்பது போதாது. ஏசி அறையில், தரை மட்டத்தில், விற்பனையாளர் முன்னால் எல்லோருக்கும் பலம் வந்துவிடும்.

தூரம் என்று பார்த்தால் ஒரு பக்கம் 3 முதல் 8 கிலோமீட்டர் வரை இந்த வண்டிக்கு வசதி. அதற்கு மேலும் போகலாம், ஆனால் சின்னச் சக்கரம் ஒவ்வொரு குழியையும் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வரும்.

சக்கரம், பல், கணக்கு

கடையில் "20 இன்ச்" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். 20 அங்குலம் என்ற பெயரில் இரண்டு ரிம் அளவுகள் புழக்கத்தில் உண்டு, 406 மில்லிமீட்டர், 451 மில்லிமீட்டர். டயரின் பக்கவாட்டில் 47-406 என்கிற மாதிரி எண் அச்சிட்டிருக்கும். 406 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். சிறுவர் சைக்கிள்களுக்கும் பி.எம்.எக்ஸ். வண்டிகளுக்கும் போடுவது அதே அளவு என்பதால், டியூபும் டயரும் எந்தத் தெருக் கடையிலும் கிடைக்கும். 451 டயர் வேகமாக ஓடும், ஆனால் கிழிந்தால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். 16 அங்குலத்திலும் இதே கதைதான், 305, 349 என்று இரண்டு. பிரிட்டனின் பிராம்ப்டன் நிறுவனத்து 16 அங்குல மடக்கு வண்டிகளில் வருவது 349.

பிராம்ப்டன் பேரைச் சொன்னதால் ஓரிரு வரி. ஆண்ட்ரூ ரிச்சி என்ற பொறியாளர் 1970களின் நடுவில் லண்டனில் தன் ஃபிளாட்டில் வைத்து உருவாக்கிய வடிவம் அது. மடிப்பு இன்றைக்கும் கிட்டத்தட்ட அதேதான். பின்சக்கரம் அடியில் சுருண்டுகொள்ளும், செயின் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும். இந்தியாவில் விலை லட்சத்தைத் தாண்டும். மற்றபடி நம் ஊரில் கண்ணில் படுபவை பெரும்பாலும் சட்டம் நடுவில் இரண்டாக மடியும் வகை. டேவிட் ஹோன் 1982இல் தொடங்கிய டாஹோன் நிறுவனம் பரவலாக்கிய வடிவம். இந்தக் கட்டுரை அந்த வகையைப் பற்றித்தான்.

இனி பல் கணக்கு. கியர் இல்லாத வண்டியில் ஒரே ஒரு விகிதம்தான், அதைச் சரியாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் கியர் இல்லாத குறையே தெரியாது. பெடலோடு சுற்றும் முன்வளையத்தின் பல் எண்ணிக்கையை, பின்சக்கரத்திலுள்ள ஃப்ரீவீல் என்ற பல் வளையத்தின் எண்ணிக்கையால் வகுத்து, சக்கர அங்குலத்தால் பெருக்குங்கள். முன்னால் 44, பின்னால் 16, சக்கரம் 20 என்றால் விடை 55. நம் அப்பா, தாத்தா ஓட்டிய 28 அங்குல வண்டியில் 44க்கு 18 பல் என்று எடுத்துக்கொண்டால் 68 வரும். அதனால்தான் அந்த வண்டி கிளப்ப கனமாகவும், ஓட ஆரம்பித்தபின் சுகமாகவும் இருந்தது.

சென்னைக்கு 55 முதல் 65 வரை சரி. 50க்குக் கீழே போனால் கால் சுற்றிக்கொண்டே இருக்கும், வண்டி நகராது. 70க்கு மேலே போனால் ஒவ்வொரு சிக்னலிலும் முட்டி வலிக்கும். 55 விகிதத்தில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் 406 சக்கரம் நாலு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று என்ற சாவகாசமான மிதியில் மணிக்கு 17 கிலோமீட்டர். நகரத்துக்கு இது போதும். அதற்கு மேல் போனாலும் அடுத்த சிக்னலில் எல்லோரும் ஒன்றாகத்தான் நிற்கப்போகிறீர்கள்.

உங்கள் வண்டியில் விகிதம் ஒத்துவராவிட்டால் ஃப்ரீவீலை மட்டும் மாற்றினால் போதும். 16 பல், 18 பல் இரண்டும் சைக்கிள் கடையில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. முன்பல்லைத் தொட வேண்டாம், அது செலவு.

கியர் இல்லாதது விகிதத்தைப் பொறுத்த விஷயம் மட்டும் இல்லை. மடிக்கும்போதும் ரயிலில் நெரிபடும்போதும் முதலில் வளைவது, கியர் மாற்றுவதற்காகப் பின்பக்கம் தொங்கும் டிரெய்லியர்தான். ஒற்றைப் பல் வண்டியில் அது கிடையாது. இரண்டு வண்டிகளுக்கு நடுவில் தயங்கினால் இதை நினைவில் வையுங்கள்.

பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக் பிடிக்கும் வகை சில மாடல்களில் வருகிறது. தூக்கலாகத் தெரியும், கேபிள் ஒன்று குறையும். ஆனால் மடிக்கும் நேரத்தில் பெடலைத் தேவையான இடத்துக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவர முடியாது, பின்சக்கரத்தைத் தூக்கி முன்னால்தான் சுற்ற வேண்டும். ரயில் வரும் நேரத்தில் இது எரிச்சல். செயின் கழன்றால் பின் பிரேக்கும் போய்விடும். எனக்கு அது ஒத்துவராது. கை பிரேக் இரண்டு இருக்கும் வண்டியே வாங்குங்கள்.

கீலில் கறாராக இருங்கள்

வண்டியில் வேறு எதிலும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். சீட் மட்டமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம், பெடல் பிளாஸ்டிக்காக இருந்தால் இருக்கட்டும். சட்டத்தின் நடுவிலுள்ள கீலிலும் ஹேண்டில் தண்டின் கீலிலும் மட்டும் சமாதானம் கூடாது. உங்கள் எடை முழுவதும் அந்த இரண்டு பூட்டுகளில்தான் தொங்குகிறது.

கடையில் இப்படிச் சோதியுங்கள். வண்டியை விரித்து, இரண்டு லிவரையும் பூட்டுங்கள். லிவர் பாதி தூரம் போனதும் எதிர்ப்புக் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், முழுதாக மூட உள்ளங்கையால் அழுத்தம் தேவைப்பட வேண்டும். இரண்டு விரலால் தள்ளினாலே மூடிவிட்டால் தளர்வு. முழு பலம் போட்டும் மூடாவிட்டால் அதிக இறுக்கம், அதுவும் லிவரை உடைக்கும். உள்ளே இருக்கும் சிறிய நட்டைக் கால் சுற்று திருப்பினால் சரியாகும். சில மாடல்களில் எல்-கீ வேண்டும். பிறகு முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். மற்றொரு கையின் விரல்கள் கீலின் இணைப்புக் கோட்டின் மேல் இருக்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரல் நுனியில் தெரிந்துவிடும். 'டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தாலும் அதே பொருள்தான். பெரிய லிவருக்கு மேல் இரண்டாவதாக ஒரு தாழ்ப்பாள் இருக்கிறதா என்றும் பாருங்கள். குழியில் அதிரும்போது லிவர் தானாகத் திறந்துவிடாமல் தடுப்பது அதுதான்.

இந்தச் சோதனையை வாங்கும் அன்றோடு நிறுத்தாமல் வாரம் ஒரு முறை செய்ய வேண்டும். மாதம் ஒரு முறை கீலைச் சுற்றியுள்ள வெல்டிங்கை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்து, துடைத்தும் போகாவிட்டால் அன்றோடு அந்த வண்டியை ஓட்டாதீர்கள். அலுமினியச் சட்டம் என்றால் தெருமுனை லேத்தில் வெல்டு வைத்துத் தருகிறேன் என்பார்கள். வேண்டாம். அந்தச் சூட்டில் சுற்றியுள்ள அலுமினியத்தின் பதம் போய் மிருதுவாகிவிடும், அடுத்த முறை உடைவது வெல்டுக்குப் பக்கத்தில்.

சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் எடை வரம்பு எழுதியிருக்கும். பல வண்டிகளில் 100 கிலோவைச் சுற்றி. அது உங்கள் எடையோடு பையும் லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் சேர்ந்த கணக்கு. கேரியரில் ஆளை ஏற்றுவது இந்த வண்டியில் கிடையவே கிடையாது.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

சீட் உயரத்தை முதலில் சரிசெய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலின் கீழ் நிலையில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்படியிருந்தால் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடிந்து நிற்கும். அந்த உயரத்தில் தண்டைச் சுற்றி ஒரு வரி கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். தினமும் மடித்து விரிக்கும் வண்டிக்கு இது மிகவும் உதவும், இல்லாவிட்டால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உயரத்தில் ஓட்டுவீர்கள். தண்டில் ஒரு எல்லைக்கோடு பொறித்திருக்கும், அது எப்போதும் சட்டத்துக்கு உள்ளேதான் இருக்க வேண்டும். உயரமானவர்களுக்கு அந்தக் கோடு வெளியே வந்தால் நீளத் தண்டு வாங்குங்கள் அல்லது வேறு வண்டி பாருங்கள்.

ஓட்டும்போது சீட் மெல்ல இறங்குகிறது என்ற புகார் நிறையப் பேருக்கு வரும். காரணம் பெரும்பாலும் தண்டில் படிந்த எண்ணெயும் தூசியும்தான். தண்டையும் குழாயின் உள்பக்கத்தையும் காய்ந்த துணியால் துடையுங்கள். அங்கே கிரீஸ் போடக்கூடாது.

பிறகு மடிப்புப் பயிற்சி. வரிசை மாடலுக்கு மாடல் கொஞ்சம் மாறும், ஆனால் நடுவில் மடியும் வண்டிகளில் பொதுவாக இப்படி:

1. பெடலைச் சுற்றி, மடிப்புக்கு இடைஞ்சல் இல்லாத இடத்தில் கிராங்கை (பெடல் மாட்டிய கம்பியை) நிறுத்துங்கள். அந்த இடம் எது என்று முதல் நாளே கண்டுபிடித்து மனதில் பதியவையுங்கள்.
2. பெடலை மடியுங்கள்.
3. நடுக் கீலைத் திறந்து முன்பாதியைப் பின்பாதியோடு சேருங்கள். பிரேக் கேபிள் கீலின் வாயில் சிக்கவில்லை என்று பாருங்கள்.
4. ஹேண்டிலை இறக்குங்கள்.
5. கடைசியாக சீட்டை இறக்குங்கள். தண்டு அடிவரை வந்து தரையைத் தொட்டால் வண்டி அதன்மேல் நிற்கும்.

சில வண்டிகளில் மூன்றும் நான்கும் இடம் மாறும். சீட் மட்டும் எப்போதும் கடைசி, ஏனென்றால் மடிக்கும்போது வண்டியைப் பிடித்துக்கொள்ள உயரமாக ஒன்று வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவுக்கு வீட்டிலேயே பழகுங்கள். பிளாட்ஃபாரத்தில் முதல் முறை முயன்றால் நாலு பேர் கூடி ஆளுக்கொரு லிவரை இழுப்பார்கள்.

விரிக்கும்போது இன்னொரு பழக்கம். ஏறுவதற்கு முன் நடுக் கீல், ஹேண்டில் கீல், சீட் லிவர் என்று மூன்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். பார்ப்பது போதாது, தொட வேண்டும்.

ரயிலும் ஆபீஸும்

நெரிசல் நேரத்து லோக்கல் ரயிலில் இது நடக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாம்பரம் பீச் தடத்தில் காலை உச்ச நேரத்தில் உங்களுக்கே ஒற்றைக் காலில்தான் இடம். அந்த நேரத்துக்கு முன்பு கிளம்ப முடிகிறவர்களுக்கும் எதிர்த்திசையில் போகிறவர்களுக்கும்தான் இந்தக் கலவைப் பயணம் சுகப்படும். மெட்ரோவில் லக்கேஜ் விதி தனி, பாதுகாப்புச் சோதனையும் உண்டு. வழக்கமாக ஏறும் ஸ்டேஷனில் ஒரு நாள் வண்டி இல்லாமல் போய்க் கேட்டுவிட்டு வந்தால் வாக்குவாதம் மிச்சம்.

சிங்கப்பூரில் இருந்து படிக்கிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இல்லை. அங்கே 2016இல் ஆறு மாதம் சோதித்துப் பார்த்துவிட்டு, மடக்கு சைக்கிளை எம்.ஆர்.டி. ரயிலில் நாள் முழுவதும் அனுமதித்துவிட்டார்கள். மடித்தபின் 120 × 70 × 40 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும், ஸ்டேஷனுக்குள் மடித்தே வைத்திருக்க வேண்டும். பஸ்ஸில் மாடிக்குக் கொண்டுபோகக் கூடாது. வாங்கும் முன் டேப் எடுத்துக்கொண்டு போய் அளங்கள், முக்கியமாக அந்த 40 சென்டிமீட்டர் அகலத்தை. பெடலும் ஹேண்டிலும் துருத்தி நின்று அகலத்தைக் கூட்டும்.

நடுவில் மடியும் வண்டிகள் பலவற்றில் செயின் வெளிப்பக்கம் நிற்கும். தூக்கும்போது செயின் பக்கத்தை உடம்புக்கு எதிர்ப்புறமாக வைத்துப் பிடியுங்கள். கூட்டத்தில் அடுத்தவர் வெள்ளை வேட்டியில் கருப்புக் கோடு போட்டுவிட்டால் சமாதானம் சொல்லி மாளாது. அதற்கு ஒரு உறை வாங்கிப் போடுவது உத்தமம். உறைக்கு வேறொரு பலனும் உண்டு. ஆபீஸ் வாசலில் செக்யூரிட்டி, "சார், சைக்கிள்லாம் உள்ள விட மாட்டாங்க, அங்க பார்க்கிங்ல போடுங்க" என்பார். அதே வண்டி உறைக்குள் இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சைக்கிள் சைக்கிளாகத் தெரியும்வரைதான் பிரச்சினை.

வெளியே பூட்டி விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை வந்தால், பூட்டு பின்சக்கரத்தையும் சட்டத்தின் பின் முக்கோணத்தையும் சேர்த்துக் கம்பத்தோடு பிணைக்க வேண்டும். முன்பாதியை மட்டும் பூட்டாதீர்கள். சீட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போகலாம், அந்த லிவரைத் திறக்க யாருக்கும் சாவி தேவையில்லை.

சாலையில்

சின்னச் சக்கரத்தின் குணம் இரண்டு. ஹேண்டில் தொட்டால் திரும்பும். குழி பெரிய சக்கரத்துக்குப் பள்ளம் என்றால் இதற்குக் கிணறு. முதல் சில நாட்கள் ஒற்றைக் கையால் ஓட்டி சிக்னல் காட்ட முயல வேண்டாம், காலியான தெருவில் பழகிவிட்டுச் செய்யுங்கள்.

மழைநீர் வடிகால் மூடிகளைக் கவனியுங்கள். கம்பிகள் நீங்கள் போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் டயர் உள்ளே இறங்கிவிடும். குறுக்காகவோ சாய்வாகவோ கடக்க வேண்டும், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். வேகத்தடையில் பெடல்களைச் சமமட்டத்தில் நிறுத்தி, சீட்டிலிருந்து லேசாக எழுந்து, முட்டியை மடித்து ஏற்றி இறக்குங்கள். இது முதுகுக்கும் நல்லது, கீலுக்கும் நல்லது.

மேம்பாலத்தில் எழுந்து நின்று ஹேண்டிலை மேல்நோக்கி இழுத்து மிதிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த வண்டியில் அது கூடாது. நீளமான ஹேண்டில் தண்டு நெம்புகோலாகி, முழு விசையும் அடியிலுள்ள கீலில் இறங்கும். உட்கார்ந்தபடியே ஏற்றத்துக்கு முன்பு வேகம் எடுத்துக்கொண்டு ஏறுங்கள். பாதியில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. கத்திப்பாரா மாதிரியான இடங்களில் மேலே ஏறவே வேண்டாம், கீழே சர்வீஸ் ரோட்டில் சுற்றிப் போகலாம்.

சென்னையில் ஏற்றத்தைவிட உங்களைச் சோதிப்பது காற்று. மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். காலையில் வேளச்சேரியிலிருந்து திருவான்மியூர் பக்கம் சுலபமாகப் போன அதே விகிதம், பிற்பகலில் கடலை நோக்கிப் போகும்போது ஒரு பல் கனமாகிவிட்ட மாதிரி இருக்கும். மாற்றக் கியர் இல்லை என்பதால் வேகத்தை விட்டுக்கொடுங்கள், மிதியின் தாளத்தை விடாதீர்கள். வீடு மேற்கே இருந்தால் யோகம், மாலையில் காற்றே தள்ளிக்கொண்டு போகும்.

சட்டம் தாழ்வாக இருப்பதால் சுடிதாரிலும் புடவையிலும் ஏறி இறங்குவது எளிது. செயின் கவர் இருக்கும் மாடலாகப் பாருங்கள். துப்பட்டாவை முடிச்சுப் போட்டுவிட்டு ஏறுங்கள். இரவில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும். மடக்கு வண்டி மற்ற வண்டிகளைவிடத் தாழ்வாக இருப்பதால் பின்விளக்கைச் சீட் தண்டில் உயரமாக மாட்டுங்கள். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

காற்றும் பஞ்சரும்

20 × 1.75 டயரில் பொதுவாக 40 முதல் 65 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று எழுதியிருக்கும். 75 கிலோ ஆளுக்குப் பின்னால் 55, முன்னால் 45 என்று ஆரம்பித்து உங்களுக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். எடையில் பெரும்பங்கு பின்சக்கரத்தில் இருப்பதால் இந்த வித்தியாசம். சின்ன டியூபில் காற்றின் அளவு குறைவு, அதனால் பெரிய சைக்கிளைவிட அடிக்கடி அடிக்க வேண்டும், வாரம் ஒரு முறையாவது. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் அடிக்கும்போது கவனம், கண் மூடித் திறப்பதற்குள் அளவைத் தாண்டிவிடும். மீட்டர் வைத்த கால் பம்பு ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. டியூப் வாங்கும்போது பைக் வால்வு போலத் தடிமனான வால்வு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். உள்ளூர் சைக்கிள் வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது.

பஞ்சர் என்றதும் பின்சக்கரத்தை எப்படிக் கழற்றுவது என்று யூடியூபில் தேடுகிறவர்கள் அதிகம். ஒற்றைப் பல் வண்டியில் பின்சக்கரத்தைக் கழற்றினால் இரண்டு நட்டு, மட்கார்டு கம்பி, செயின் இறுக்கம் என்று எல்லாவற்றையும் மறுபடி சரிசெய்ய வேண்டும். நம் தெரு பஞ்சர் கடைக்காரர் அதைச் செய்வதே இல்லை.

திருவான்மியூரில் ஒரு மரத்தடி பஞ்சர் கடையில் நான் ஸ்பேனரை எடுத்து நீட்டியபோது, "கழட்டவே வேணாம் சார், அப்படியே படுக்க வைங்க" என்றார். செயின் இல்லாத பக்கத்து டயர் விளிம்பில் இரண்டு லிவரை விட்டு ஒரு பக்கத்தை மட்டும் வெளியே எடுத்தார். வால்வை உள்ளே தள்ளி டியூபை உருவினார். அச்சில் வளையமாக மாட்டிக்கொண்டிருந்தாலும் ஒட்டுவதற்கு அது இடைஞ்சலே இல்லை. காற்றடித்து, தண்ணீர்ச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கி, குமிழி வந்த இடத்தில் குச்சியைக் குத்தி அடையாளம் வைத்தார். துடைத்து, உரசி, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை அவர் வேறெதையும் தொடவில்லை. "காயறதுக்குள்ள ஒட்டுனா வெயில்ல பேந்துடும் சார்." அந்த இடைவெளியில் டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி முள்ளை எடுத்துக் காட்டினார். "டியூபு இன்னா சைஸ்ணா?" என்றேன். "குழந்தைங்க வண்டி டியூபுதான் சார், எங்க வேணா கிடைக்கும்."

இதை நீங்களும் செய்யலாம். பையில் இரண்டு டயர் லிவர், ஒட்டுத் துண்டு, உப்புத்தாள், சொல்யூஷன், சின்னக் கை பம்பு இருந்தால் போதும். டியூபையே மாற்ற வேண்டிய நாளில்தான் சக்கரம் கழல வேண்டும். அதற்குப் பெரும்பாலும் 15 மில்லிமீட்டர் ஸ்பேனர் பிடிக்கும், உங்கள் வண்டியில் எது என்று வீட்டிலேயே போட்டுப் பார்த்துவிடுங்கள். மாட்டும்போது சக்கரத்தைப் பின்னால் இழுத்து, செயினின் நடுப்பகுதி மேலும் கீழுமாக அரை அங்குலம் ஆடும்படி விட்டு, சக்கரம் இரண்டு பக்கமும் சம தூரத்தில் நிற்கிறதா என்று பார்த்து, இரண்டு நட்டையும் மாறி மாறி இறுக்குங்கள். பிறகு பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது ஓர் இடத்தில் செயின் விறைத்தால் அந்த இடத்துக்கு ஏற்ப லேசாகத் தளர்த்துங்கள். செயின் மிக இறுக்கமாக இருப்பது பேரிங்கைத் தின்னும், மிகத் தளர்வாக இருப்பது சாலை நடுவில் கழலும்.

பராமரிப்பு

இந்த வண்டிக்குத் தேவை குறைவுதான். செயினை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் உள்பக்கம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைச் சுற்றிவிட்டு, மிச்சத்தை மறுபடி துடைத்துவிடுங்கள். வெளியே மினுமினுக்கும் எண்ணெய் தூசியைத்தான் சேர்க்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாக இறுகும். ஸ்கூட்டரில் வடித்த கருப்பு எண்ணெயும் வேண்டாம். தையல் மெஷின் எண்ணெய் அவசரத்துக்குச் சரி, சீக்கிரம் வடிந்துவிடும்.

செயின் தேய்மானத்தைப் பார்க்க இரும்பு அளவுகோல் போதும். புதுச் செயினில் 12 முழுக் கண்ணிகள் சரியாக 12 அங்குலம். அது அரைக்கால் அங்குலம் நீண்டுவிட்டால் மாற்றுங்கள். இன்னும் இழுத்தடித்தால் ஃப்ரீவீல் பல்லும் சேர்ந்து போகும்.

பிரேக் கட்டை உரசி உரசிச் சின்னச் சக்கரத்தின் ரிம் வேகமாகத் தேயும், அதே தூரத்துக்கு அது அதிகச் சுற்று சுற்றுகிறது அல்லவா. கட்டையின் பள்ளம் மறையும் முன் மாற்றுங்கள். மழையில் முதல் பிடியில் பிரேக் வழுக்கும், அது ரிம்மின் தண்ணீரைத் துடைப்பதற்குத்தான் செலவாகும். முன்கூட்டியே பிடித்துப் பழகுங்கள்.

பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்று பெரிய எதிரி. அலுமினியச் சட்டம் தாங்கும். போல்ட், ஸ்போக்ஸ், செயின், கீலின் ஊசி எல்லாம் துருப்பிடிக்கும். வாரம் ஒரு நாள் ஈரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள். கீல் ஊசிக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடலாம், ஆனால் பூட்டு கவ்விப்பிடிக்கும் பரப்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தண்ணீர் தேங்கிய தெருவில் சக்கர அச்சு மூழ்கும் அளவுக்கு ஓட்ட நேர்ந்தால், அந்த வாரமே கடையில் கொடுத்து ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்துக் கிரீஸ் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் சீட் தண்டை முழுதாக உருவி, வண்டியைத் தலைகீழாகப் பிடித்துக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீரை வடியுங்கள். வருடம் ஒரு முறை, மழை முடிந்த தை மாதத்தில், முழு ஓவராயில் செய்துவிட்டால் மற்ற மாதங்களில் காற்றும் செயினும் மட்டும் பார்த்தால் போதும். ஸ்போக்ஸ் தளர்ந்து சக்கரம் ஆடினால் கோட்டம் எடுக்க எந்தப் பழைய சைக்கிள் கடைக்காரருக்கும் தெரியும். கீலை மட்டும் அவரிடம் கொடுக்க வேண்டாம், அதற்கு அந்தக் கம்பெனி ஆள்தான்.

பழைய வண்டி வாங்கினால்

மடக்கு சைக்கிள்கள் அதிகம் ஓடாமலே விற்பனைக்கு வரும், காரணம் மேலே சொன்ன படிக்கட்டுதான். அதனால் பழையதில் நல்ல வண்டி அமைய வாய்ப்பு உண்டு. டயரும் செயினும் பிரேக்கும் தேய்ந்திருந்தால் பேரம் பேசுங்கள், எல்லாம் சில நூறு ரூபாய்ச் சமாச்சாரம். சீட் தண்டில் வளைவோ, கீலில் ஆட்டமோ, வெல்டிங் ஓரத்தில் கோடோ இருந்தால் பேரமே வேண்டாம். வாங்கும் முன் அந்த பிராண்டின் கீல் லிவர் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். கிடைக்காது என்றால் பாதி விலைக்குத் தந்தாலும் விட்டுவிடுங்கள்.